சுகிர்தா அக்காவின் மறுநாட்கள்

கண்டியில் சேலை வாங்க வருகிறவர்கள் ஒன்று வாங்குவதற்கு முப்பதை விரித்துப் பார்ப்பார்கள். விரித்த முப்பதையும் திரும்ப மடித்து அடுக்குவது கடையில் நிற்கும் பெண்களின் வேலை. சுகிர்தா அக்கா மட்டும் மூன்றுக்கு மேல் விரிக்க மாட்டார்.

வருகிறவரிடம் முதலில் இரண்டு கேள்வி கேட்பார். "கல்யாணம் யாருக்குங்க? நீங்க மேடையில நிக்கிறவங்களா, பந்தியில ஓடுறவங்களா?" பதிலைக் கேட்டுக்கொண்டே அவருடைய கையையும் தோளையும் ஒருமுறை பார்ப்பார். பிறகு தட்டிலிருந்து மூன்றே மூன்றை எடுத்து மேசையில் வைப்பார். பந்தியில் ஓடுகிற சித்திக்குப் பாரமான பட்டு போகாது, மேடையில் நிற்கிற அத்தைக்கு மெல்லிய சேலை போகாது. பத்துப் பேரில் எட்டுப் பேர் அந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கடையில் எல்லோரும் இதைத் திறமை என்கிறார்கள். திறமைதான். ஆனால் அது வியாபாரத்துக்காக வந்த திறமை இல்லை. ஒரு நாளில் நூறு சேலையை விரித்து மடித்தால், மறுநாள் அவரால் கட்டிலைவிட்டு எழும்ப முடியாது. அதனால்தான் மூன்று.

சுகிர்தா அக்காவுக்கு வயது முப்பத்தேழு. கடுகண்ணாவையில் எங்கள் வீட்டுக்கு மேல் வீட்டில் இருக்கிறார். கணவர் இளங்கோ அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பேருடைய பெற்றோரும் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். அக்கா பள்ளிக்கூடம் முடித்ததும் கண்டிக்கு வேலைக்கு வந்தார், பதினெட்டு வருடமாக ஒரே சேலைக் கடையில் நிற்கிறார். நிற்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் வாடிக்கையாளர் உள்ளே இருக்கும்போது வேலையாட்கள் யாரும் உட்காரக் கூடாது. முதலாளி ஹுஸைன் ஹாஜியாரும் உட்காருவதில்லை. அவருடைய வாப்பா காலத்திலிருந்தே அப்படித்தானாம்.

கொரோனாக் காலத்தில் ஊரில் பலருக்கு வந்த காய்ச்சல் அக்காவுக்கும் வந்தது. மற்றவர்களுக்குப் பத்து நாளில் போனது. அக்காவுக்குக் காய்ச்சல் போனது, களைப்புப் போகவில்லை. களைப்பு என்ற சொல்லே இதற்குப் போதாது. நானும் மலை ஏறினால் களைப்பேன், படுத்து எழும்பினால் சரியாகிவிடும். அக்கா படுத்து எழும்பினாலும் சரியாகாது. ஒரு நாள் துணி துவைத்தால் அடுத்த நாள் கைகால் ஈயம்போல் கனக்கும், வெளிச்சம் கண்ணைக் குத்தும், பேச எடுத்த சொல் வாயில் நிற்கும். அது மூன்று நாளும் இருக்கும், மூன்று வாரமும் இருக்கும்.

இரத்தப் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். எல்லாம் நோர்மல். நான்கு கிளினிக்குக்குப் போனார். ஒன்றிலும் நோய் பிடிபடவில்லை, அதற்குப் பாதிக் காரணம் அக்காவே. டொக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் அக்கா கையைக் கட்டிக்கொண்டு, "நல்லாருக்கேங்க" என்பார். எங்கள் மலையகத்து ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். தோட்டத்துத் துரை கேட்டாலும் கிராம சேவகர் கேட்டாலும் டொக்டர் கேட்டாலும் முதலில் வருகிற பதில் அதுதான். பெரிய ஆட்களுக்கு முன்னால் நோயைச் சொல்லுவது மரியாதைக் குறைவு. கிளினிக்குக்குப் போகும் நாளில் அக்கா நன்றாகப் படுத்து ஓய்வெடுத்து, நல்ல சேலை கட்டி, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு போவார். அப்படி வந்து நல்லாருக்கேன் என்கிறவருக்கு எந்த டொக்டர் என்ன எழுத முடியும்?

ஐந்தாவதாகப் பார்த்த டொக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "நேத்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"நேத்து ஒண்ணும் செய்யலைங்க. இங்க வரணும்னு படுத்திருந்தேன்."

"கடைசியா வீட்டைக் கழுவினது எப்ப?"

"போன மாசம்ங்க."

"அதுக்கு அடுத்த நாள்?"

வாசலில் நின்ற இளங்கோ அண்ணன்தான் உள்ளே வந்து, "அடுத்த நாள் கட்டில்ல படுத்தபடிக்கே சோறு ஊட்டுனேங்க டொக்டர்" என்றார். டொக்டரம்மா பேனையை எடுத்தார். நாட்பட்ட களைப்பு நோய் என்ற பெயர் அன்றைக்குத்தான் அக்காவுக்குக் கிடைத்தது.

பெயர் கிடைத்த பிறகு நான் அதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். உயர்தர வகுப்பில் நான் உயிரியல் படித்தவள். நாம் தின்கிற சோறும் இழுக்கிற மூச்சும் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் போய்ச் சேர்ந்தால்தான் சக்தி பிறக்கும். அந்த வேலையைச் செய்கிற சின்ன உறுப்புக்குப் பெயர் இழைமணி. அவரை விதைபோல் அதைப் படம் வரைந்து, பகுதிகளுக்குப் பெயரிட்டு நான் புள்ளி வாங்கியிருக்கிறேன். அதே இழைமணி மேல் வீட்டு அக்காவின் கைக்குள் சரியாக ஓடாமல் இருக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் விஞ்ஞானிகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சில ஆய்வுகளில் இந்த நோயாளர்களின் இரத்தக் கலங்கள், தேவை கூடும்போது சக்தி உற்பத்தியைக் கூட்ட முடியாமல் திணறியிருக்கின்றன. சில ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. சைக்கிள் ஆய்வு ஒன்றைப் பற்றியும் படித்தேன். நோயாளர்களை அடுத்தடுத்து இரண்டு நாள் சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சை அளக்கிறார்கள். முதல் நாள் பலர் மற்ற ஆட்களைப் போலவே மிதிக்கிறார்கள். இரண்டாம் நாள் அவர்களில் பலருடைய அளவு விழுந்துவிடுகிறது. கொஞ்சம் மிதித்ததுமே உடம்பு ஒட்சிசனை வைத்துச் சக்தி எடுப்பதற்குத் தடுமாறி, சீக்கிரம் தீர்ந்துபோகிற குறுக்கு வழிக்கு மாறுகிறது. ஒரு நாள் மட்டும் அளந்தால் நோய் தெரியாமல் போய்விடலாம். அக்காவைச் சோம்பேறி என்று சொன்ன எல்லோரும் முதல் நாளை மட்டும் பார்த்தவர்கள்.

நான் இதை அவர்கள் வீட்டில் சொன்னபோது இளங்கோ அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். "அட, நம்ம கியூஆர் காலம் மாதிரி. வாரத்துக்கு இவ்வளவுதான் பெற்றோல்னு குடுத்தான்ல. திங்கக்கிழமையே எல்லாத்தையும் ஓடித் தீத்தவன் வெள்ளிக்கிழமை ஆட்டோவத் தள்ளிக்கிட்டுப் போனான்."

"ஒங்களத்தான் சொல்றீங்க" என்றார் அக்கா.

"ஆமா, என்னயத்தான். நீ ஒன் ஒடம்பத் தள்ளல?"

அதற்குப் பிறகு அக்கா தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்ட விதத்தைப் பார்த்துத்தான் இதை எழுத ஆசைப்பட்டேன். மலிவான கைக்கடிகாரம் ஒன்று வாங்கினார், நாடித்துடிப்பைக் காட்டுவது. துடிப்பு நூற்றைந்தைத் தாண்டினால் என்ன வேலையானாலும் நிறுத்துவார். ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடுகளுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. நான் இரண்டிரண்டாகத் தாவுவேன். அக்கா பதினைந்து படிக்கு ஒருமுறை, மூச்சு வாங்குவதற்கு முன்பே நிற்பார். களைத்த பிறகு நிற்பது யாருக்கும் முடியும். களைக்காதபோது நிற்பதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும் என்று ஓரிடத்தில் இருக்கத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். வெங்காயத்தை உட்கார்ந்து உரிப்பார். ஒரு நாள் தலைக்குக் குளித்தால் அன்றைக்குத் துணி தொட மாட்டார். கடையில் சேலை மூன்று.

இவ்வளவு செய்தும் மறுநாட்கள் வரத்தான் செய்தன. அப்போதெல்லாம் இளங்கோ அண்ணன் கடைக்குப் போன் எடுத்துப் பொய் சொல்லுவார். காய்ச்சல் என்பார். காய்ச்சல் அலுத்துப்போனால் அக்காவின் சித்தி இறந்துவிட்டார் என்பார். நான்கு வருடத்தில் மூன்று சித்தியைக் கொன்றுவிட்டார், அக்காவுக்கு இருப்பதே ஒரு சித்திதான்.

கடையில் அக்காவோடு நிற்கிறவர் றம்லத். ஹாஜியாரின் சகோதரி மகள், அக்காவைவிட எட்டு வயது மூப்பு. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள், அதனால் சுகிர்தா அக்காவும் அவரை றம்லத் தாத்தா என்பார். அக்கா வராத நாளில் அந்த நூறு சேலையும் றம்லத் தாத்தாவின் தலையில்தான் விழும். அவர் சும்மா இருப்பாரா?

"வாங்க மகாராணி. சித்திட மவுத்து எல்லாம் நல்லா நடந்ததா?"

"நடந்துச்சு தாத்தா."

"இன்னும் எத்தின சித்தி ஈக்காங்க? முன்னுக்கே சொல்லுங்க, நான் லீவு போடாம ஈக்கிறேன்."

அக்கா சிரித்துவிட்டுச் சேலையை மடிப்பார்.

இந்தத் தீபாவளிக்கு முன்பு ஹாஜியார் கடையின் மேல்மாடியையும் திறந்தார். இனி எல்லோரும் மேலும் கீழும் ஏறி இறங்கி வேலை செய்ய வேண்டும், முடியாதவர்கள் தீபாவளியோடு நின்றுகொள்ளலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கடை நிலைமையைச் சொன்னார். அக்காவின் சம்பளம் நின்றால் வீடு ஆட்டோவை மட்டும் நம்பி நிற்க வேண்டும், அந்த ஆட்டோவோ பாதி நாள் கராஜில் நிற்பது. அக்கா முதல்தடவையாக வாய் திறந்தார். தனக்கு ஒரு நோய் இருக்கிறது, கீழ்மாடியிலேயே ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தால் உட்கார்ந்து வியாபாரம் செய்வேன் என்றார்.

ஹாஜியார் தாடியைத் தடவினார். "ஒங்களப் பாத்தா நோயாளி மாதிரி இல்லயே மகள். சரி, ஒண்டு செய்வோம். ஞாயிறு லீவு, திங்கள் பௌர்ணமி போயா, அதும் லீவு. செவ்வாக்கிழம வாங்க. நானே நின்டு பாக்கிறேன். ஏலாட்டி ஏலாதுன்டு எனக்கு வெளங்கும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அக்காவிடம் நான், "அப்படியே களைச்ச மாதிரி போங்கக்கா, ஞாயித்துக்கிழமை நல்லா வேல செஞ்சிட்டுப் போங்க" என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மொதலாளி பாக்கணும்னு நிக்கிறாரு. அவரு முன்னுக்கு அழுக்குத் துணி மாதிரியா போய் நிப்பேன்?"

கிளினிக்கில் செய்த அதே தவறைத்தான் அக்கா திரும்பச் செய்தார். ஞாயிறும் திங்களும் கட்டிலில் படுத்து, பேச்சைக்கூடக் குறைத்து, உடம்பில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். செவ்வாய்க்கிழமை மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டு ஆறரை மணி ரயிலில் போனார். அன்று கடைக்கு மாத்தளையிலிருந்து ஒரு கல்யாண வீடே இறங்கியது, பதினோரு பெண்கள். ஹாஜியார் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். மேல்மாடிக்குப் பதினான்கு தடவை ஏறினார். மூன்று சேலை என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் கல்யாண வீட்டுக்கு வேண்டிய அத்தனை சேலையும் விற்றாயிற்று.

"மாஷா அல்லாஹ்" என்றார் ஹாஜியார். "ஒங்களுக்கு ஒரு நோவும் இல்ல மகள். ஆண்டவன் ஒங்களுக்கு நல்ல ஒடம்பத் தந்தீக்கான். நாளைலேந்து மேல்மாடி ஒங்கட பொறுப்பு."

றம்லத் தாத்தா நெற்றியைச் சுருக்கினார். "நாலு வருசம் எங்கள ஏமாத்தினீங்களே மகாராணி. படத்தில நடிக்கப் போயீக்கலாம்."

புதன்கிழமை காலையில் அக்கா எழும்பவில்லை. இளங்கோ அண்ணன் என்னைக் கூப்பிட்டார். ஜன்னலில் போர்வை தொங்கியது. அக்கா கண்ணின் மேல் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தார். உதட்டில் தண்ணீர் வைத்தால் விழுங்குவதற்கும் நேரமெடுத்தது. அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தார்.

"என்னான்னு சொல்லப் போறீங்க?" அக்காவின் குரல் கட்டிலைத் தாண்டவில்லை.

"காச்சல்னு."

"வேணாம்."

"பெறகு? சித்தியா?"

"உள்ளதச் சொல்லுங்க. நேத்து அளவுக்கு மேல செஞ்சா, அதுனால இன்னைக்கு எந்திரிக்க முடியலன்னு சொல்லுங்க. நம்பலைன்னா வந்து பாக்கச் சொல்லுங்க."

"இந்தக் கோலத்துலயா? மானம் போயிரும் சுகிர்தா."

அக்கா தலையை மெதுவாக ஆட்டினார். "நாலு வருசமா நல்ல நாள மட்டும்தான் அவங்களுக்குக் காட்டியிருக்கோம். அவங்க என்னாத்தப் பாத்து நம்புவாங்க?"

அண்ணன் போனில் அதை அப்படியே சொன்னார். பொய் சொல்லும்போது சரளமாக வருகிற அவருக்கு அன்றைக்கு நாக்குக் குழறியது. மறுபக்கத்தில் ஹாஜியார் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். வேலை போய்விட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

வியாழக்கிழமை ஹாஜியார் தீபாவளிச் சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போகிற நாள். கொழும்பு வீதி எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறது. காலை எட்டு மணிக்கு வேனைக் கீழே நிறுத்திவிட்டு, றம்லத் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு, அவர் அந்தப் படிகளில் ஏறி வந்தார். அறுபத்தாறு வயது. வாசலுக்கு வந்தபோது தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஹாஜியார் மறுக்காமல் உட்கார்ந்தார்.

"இவ்வளவு படியா? இதுல ஏறி எறங்கியா கடைக்கு வாற?"

அவர் கட்டிலைப் பார்த்தார். அக்கா முதலாளி வந்திருக்கிறார் என்று எழும்பி உட்காரப் பார்த்தார். முழங்கையை ஊன்றினார், தலையைத் தூக்கினார், அவ்வளவுதான். கையில் கடிகாரம் இருந்தது. நான் அதைத் திருப்பி ஹாஜியாருக்குக் காட்டினேன். நூற்று இருபத்தெட்டு.

"என்ன இது?" என்றார்.

"நாடித்துடிப்பு. படுக்கையிலேருந்து தலையத் தூக்கினதுக்கு."

றம்லத் தாத்தா குசினிக்குள் போனார். அங்கே இரண்டு நாளாகக் கழுவாமல் கிடந்த பாத்திரங்களைக் கழுவும் சத்தம் கேட்டது.

"ஹாஜியார்" என்றார் அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. "நீங்க செவ்வாக்கிழமையப் பாத்தீங்க. இது வியாழக்கிழமை. ரெண்டும் நாந்தான். ரெண்டையும் சேத்துப் பாருங்க."

ஹாஜியார் தலை குனிந்துகொண்டார். செவ்வாய்க்கிழமை அக்காவிடம் தான் என்ன சொன்னோம் என்று நினைத்திருப்பார். பிறகு முதலாளியாகவே பேசினார். "ஸ்டூல் போடுறது பெரிய காரியம் இல்ல மகள். ஒங்களுக்குப் போட்டா நாளைக்கு மத்தவங்களும் கேப்பாங்க."

"எல்லாருக்கும் போடுங்க."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"றம்லத் தாத்தாவுக்கு முழங்கால் வீங்குது" என்றார் அக்கா. "ஒங்ககிட்டச் சொல்ல மாட்டாங்க. நானும் சொல்லாமத்தான் இருந்தேன்."

ஹாஜியார் குசினிப் பக்கம் திரும்பினார். "உள்ளதா றம்லத்?"

"அது பழைய நோவு மாமா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பிறகு, கொஞ்சம் மெதுவாக, "ஈக்கிதுதான்."

கீழே ரயில் ஒன்று கணவாயில் ஏறிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. ஹாஜியார் எழும்பினார். "சரி. கீழ்மாடியில ஸ்டூல் போடுறேன், எல்லாருக்கும். நீங்க மேல ஏற வேணாம். கெழமைக்கு நாலு நாள் வாங்க, அடுத்தடுத்து ரெண்டு நாள் வேணாம். தீவாளி முடியட்டும், நாள எப்படி மாத்துறன்டு பொறகு பேசுவோம்."

அக்காவின் வாய் நல்லாருக்கேன் என்று சொல்லப் பழகிய வாய். நன்றிங்க, நாளைக்கே வந்துர்றேங்க என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அக்கா கண்ணின் மேல் இருந்த துணியைச் சரிசெய்தார்.

"நாலு நாள் அடுத்தடுத்து இல்லாம வராது ஹாஜியார். எண்ணிப் பாருங்க. மூணு நாள் வாறேன்."

ஹாஜியார் விரலை மடித்துப் பார்த்தார். ஞாயிறு கடை பூட்டு. திங்கள், புதன், வெள்ளி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வியாபாரத்தில நீங்க என்னய விடக் கெட்டி. மூண்டு நாளே வாங்க."

றம்லத் தாத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலருகில் நின்றார். ஏதோ கேட்கத் தொடங்கினார், சாப்பிட்டீங்களா என்றோ, ஏன் முன்பே சொல்லவில்லை என்றோ. அக்கா கையைக் கொஞ்சம் தூக்கினார், போதும் என்பதுபோல்.

"கோவிச்சுக்காதீங்க" என்றார். "இதுக்கு மேல பேசுனா திங்கக்கிழமையும் வர முடியாது. போயிட்டு வாங்க."

முதலாளியை வீட்டிலிருந்து போகச் சொன்ன எங்கள் ஆட்கள் யாரையும் நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. இளங்கோ அண்ணன் பதறிப்போனார். ஹாஜியார் பதறவில்லை. சரி என்று தலையை ஆட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் வாசலைக் கடந்து போனார்.